கறுப்புப் பட்டியலில் ஒரு சிப்பிக் கட்டுரை

அத்தியாயம் 6

யார் மாட்டிவிட்டது என்று மட்டும் கண்டுபிடித்துத் தாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ஹஸீபா. மற்றதைப் பார்த்துக்கொள்ளக்கூடிய முகமாக அது இல்லை. அழுது முடித்து, கழுவித் துடைத்து, அடுத்த சுற்றுக்குத் தயாராக இருந்த முகம். ஸ்மைலின் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், செல்போன் கவர் விற்கும் கடைக்கு மேல் மாடியில் ஸ்மைலினின் துப்பறியும் நிலையம் இருந்தது. நிலையம் என்றால் இரண்டு மேசை, ஒரு ஃபேன், உதவியாளர் சபீர். கொலையோ வைரக் கடத்தலோ அந்த மாடிப்படி ஏறி வந்ததில்லை. வந்ததெல்லாம் கல்யாண விசாரணை. குவைத் மாப்பிள்ளை உண்மையிலேயே என்ஜினீயர்தானா, அந்தப் பெண்ணுக்கு முன்பு பேசிய சம்பந்தம் ஏன் முறிந்தது, இப்படி. நாலு வீட்டில் காபி குடித்து, ஐந்தாவது வீட்டில் உண்மையைப் பிடுங்கி வருவதில் ஸ்மைலினை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது. அதைத் தவிர வேறு எதையும் அவள் பிடுங்கியதும் கிடையாது.

ஹஸீபா தேங்காய்ப்பட்டணத்துக்காரி. கடற்கரைப் பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பிகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். வருடக்கணக்காக ஊர் ஊராகத் தற்காலிக ஆசிரியராக அலைந்தவளுக்கு இப்போதுதான் ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை கூடிவந்தது. நேர்முகம் முடிந்து, ஆர்டர் டைப் அடித்து, கையெழுத்துப் போடப் பேனாவும் திறந்த நேரத்தில் கல்லூரி நிர்வாக அலுவலர் சத்தியராஜ் ஒரு வெடிகுண்டைப் போட்டார். ஹஸீபாவின் கட்டுரை வெளிவந்த ஆய்விதழ் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதாம்.

பணத்தை வாங்கிக்கொண்டு, வாசித்துக்கூடப் பார்க்காமல் எதையும் அச்சடித்துத் தரும் போலி ஆய்விதழ்கள் உலகமெங்கும் முளைத்திருக்கின்றன. அவற்றிடம் ஏமாறாதீர்கள் என்று எச்சரிக்க, எங்கோ குளிர் நாட்டில் இருக்கும் ஒரு மனிதர் இணையத்தில் போட்டு வைத்ததுதான் அந்தப் பட்டியல். நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். அதில் பூதப்பாண்டியிலிருந்து வரும் ஹஸீபாவின் இதழும் நின்றது.

யாரோ வேண்டுமென்றே கிளப்பிவிட்டது என்று நிரூபித்தால் ஃபைலை அடுத்தவருக்கு நகர்த்தாமல் நிறுத்தி வைக்கிறேன், இன்று சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்வரை நேரம் தருகிறேன் என்று சத்தியராஜ் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வேலை வரிசையில் அடுத்து நிற்கும் ஷைஜுவுக்குப் போகும். ஷைஜு யாரென்று ஸ்மைலின் கேட்டாள். அவனைத்தான் எனக்குச் சந்தேகம் என்றாள் ஹஸீபா.

"அக்கா, இது நம்ம கேசுதான்" என்றான் சபீர். கோட்டாற்றுக்காரன். துபாயில் சில வருடம் டாக்சி ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து உலகத்தில் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவன். "பொண்ணுக்குப் பதிலா புஸ்தகம். எவனோ இல்லாதது சொல்லி சம்மந்தத்த முடக்கியிருக்கான்."

ஸ்மைலின் அவன் போனை வாங்கிப் பட்டியலைப் பார்த்தாள். இதழின் பெயருக்கு எதிரே இரண்டே வாக்கியம். ஆசிரியர் குழுவில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தாரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது. யார் கேட்டார்கள், யார் சொன்னார்கள், சொன்னதைச் சரிபார்த்தார்களா, எதுவும் கிடையாது. ஊர் வாய்கூட இதைவிடக் கொஞ்சம் விளக்கமாகப் பேசும்.

ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் அவள் பார்வை நின்றது. பட்டியல்காரர் இருப்பது கடல் தாண்டி. உறுதி செய்த குடும்பம் இருப்பது இங்கே. எனவே இந்த மாவட்டத்தில் யாரோ ஒருவர் வாயைத் திறந்திருக்கிறார். திறந்த வாயைக் கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு.

பட்டியல்காரரின் முகவரிக்கு விளக்கம் கேட்டு ஒரு மெயிலைத் தட்டிவிடச் சொல்லிவிட்டு, காரை எடு என்றாள்.

பூதப்பாண்டியில் பேராசிரியர் ஞானதாசன் வாசலிலேயே நின்றிருந்தார். விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முன் அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு வருடத்துக்கு இரண்டு முறை அந்த ஆய்விதழைக் கொண்டுவருகிறார். எழுதுகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக உயிரை வாங்குவார் என்று காரிலேயே ஹஸீபா சொல்லியிருந்தாள். அவளுடைய கட்டுரையை ஒன்றரை வருடம் அச்சுக்கு விடாமல் வைத்திருந்தாராம். சிப்பி ஒட்டியிருந்த பாறைகள் எந்தத் திசையைப் பார்த்து இருந்தன என்று கேட்டு ஒரு தடவை திருப்பி அனுப்பினாராம். அதைப் பார்க்க அவள் ஆடி மாதத்துக் கடலில் மறுபடி இறங்க வேண்டியிருந்தது. பார்த்தபோதுதான் தன் முடிவில் பாதி தப்பு என்று அவளுக்கே தெரிந்ததாம்.

அப்படிப்பட்ட மனிதர் இன்று பிடிபட்ட திருடனைப்போல் நின்றார். தன் இதழ் பட்டியலில் இருப்பது அவருக்குப் போன மாதம்தான் தெரியும். பட்டியல்காரருக்கு மூன்று முறை தபாலில் எழுதிப் போட்டாராம், பதில் இல்லையாம். யாரோ எங்கேயோ தன்னைக் கள்ளன் என்று சொன்னதைவிட, தன்னை நம்பி எழுதிய ஒரு பிள்ளையின் வேலை போகிறது என்பதுதான் அவரைத் தின்றது. ஹஸீபாவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

ஸ்மைலின் கடைசி இதழை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தாள். ஆசிரியர் குழு என்ற தலைப்பின்கீழ் பெயர்கள். முதல் மூன்று பெயர்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை. பிறகு போனில் அதே பக்கத்தை இணையத்தில் பார்த்தாள். அதே மூன்று பெயர்கள், சிலுவையைக் காணவில்லை.

"சார், இந்தச் சிலுவை என்னத்துக்கு?"

"அவங்க மூணு பேரும் இப்ப இல்ல. பத்திரிகையத் தொடங்கினதே அவங்கதான் மக்கா. செத்துப்போனா பேர வெட்டி எறிஞ்சிர முடியுமா?"

தங்கப்பன் என்ற பெயரைத் தொட்டுக் காட்டி, இவர் கிறிஸ்தவர் இல்லையே, இவருக்கும் சிலுவையா என்றான் சபீர். அவர் வீட்டில் கேட்டுத்தான் போட்டேன், அவர்களுக்கு விரோதமில்லை என்றார் ஞானதாசன்.

ஸ்மைலினுக்குச் சிரிப்பு வந்தது. அவள் மேசையில் எப்போதும் குவிந்து கிடப்பவை கல்யாண அழைப்பிதழ்கள். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ அழைப்பிதழ் எதிலும் முதல் வரிசையில் செத்துப்போன தாத்தாக்கள்தான் நிற்பார்கள், பெயருக்கு முன்னால் ஒரு சிலுவையோடு. அவர்களை விட்டுவிட்டு அழைப்பிதழ் அடித்தால் அந்தக் கல்யாணத்துக்கு யாரும் போக மாட்டார்கள். மனிதர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவைக் கல்யாணக் கார்டு மாதிரி அடித்து வைத்திருக்கிறார். அச்சில் அது மரியாதை. இணையத்தில் ஏற்றியவன் கம்ப்யூட்டரில் அந்தக் குறி விழவில்லை, அவனும் விட்டுவிட்டான். சிலுவை போனதும் மூன்று பேரும் உயிரோடு எழுந்து நிற்கிறார்கள். செத்தவர்களை உயிரோடு இருப்பதாகக் காட்டி ஊரை ஏமாற்றுவது போலி ஆய்விதழ்களின் பழைய வித்தை. குளிர் நாட்டுக்காரருக்கு வேறு எப்படித் தெரியும்?

"இணையத்துல எப்படி இருக்குன்னு நீங்க பாக்கல்லியா சார்?"

"நான் புஸ்தகத்தத்தான் பாப்பேன்" என்றார் ஞானதாசன் சின்னக் குரலில்.

பாதி வழக்கு அங்கேயே உடைந்தது. மீதி, வாயைத் திறந்த குடும்பம் எது என்பது. அதற்கும் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரில் முத்துநாயகம் என்பவருக்கு மட்டும்தான் இணையத்தில் மெயில் முகவரி போட்டிருந்தது. மற்ற இருவரும் கம்ப்யூட்டரைத் தொடாமலே போய்ச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டுக்காரர் எழுதிக் கேட்டிருந்தால் முத்துநாயகத்துக்குத்தான் கேட்டிருக்க முடியும்.

செத்தவருக்கு ஒரு மெயில் போட்டுப் பார் என்றாள் ஸ்மைலின். சபீர், சார் நலமா என்று ஒரு வரி எழுதி அனுப்பினான். ஞானதாசனின் வீட்டம்மா கொண்டுவந்த காபியை அவன் குடித்து முடிக்கும் முன்னால் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தவன் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அக்கா, சாருக்க கிட்டேருந்து பதில் வந்திருக்கு."

சார் இல்லை, நான் அவருடைய மனைவி நேசபாய், யார் பேசுவது, என்ன வேண்டும் என்று சுத்தமான ஆங்கிலத்தில் இருந்தது. முத்துநாயகத்தின் வீடு எங்கே என்று ஸ்மைலின் கேட்டாள். சிதறால் என்றார் ஞானதாசன். ஹஸீபா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஷைஜுவுக்க ஊரு சிதறால்தான் அக்கா. முத்துநாயகம் சாருக்க கடைசி ஸ்டூடண்டே அவன்தான்."

அதற்குமேல் அங்கே யாரும் உட்காரவில்லை. காலியான வேலைக்கு வரிசையில் நிற்கிறவன், வாத்தியாரின் விதவையைக் கையில் போட்டுக்கொண்டு அந்நிய நாட்டுக்கு எழுத வைத்திருக்கிறான். பாக்கெட் நாவலில் போட்டால் வாசிக்கிறவன் பத்தாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவான், அவ்வளவு நேரான கதை. ஞானதாசன் மட்டும் கார்வரை வந்து, நான் இப்பவே அந்தப் பெயர்களை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு உதவுமா என்று கேட்டார். பார்க்கலாம் சார் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள் ஸ்மைலின்.

தக்கலை தாண்டும்வரை சபீர் உற்சாகமாக இருந்தான். ஷைஜுவைப் பிடித்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஹஸீபாவின் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் ரத்தம் ஓடியது. எதிரிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் மனிதருக்கு அது ஒரு ஆறுதல்தான். இந்த வேலை கிடைத்தால் வாப்பாவைக் கடைக்குப் போகவிடாமல் வீட்டில் உட்கார வைத்துவிடுவேன் என்று அவள் சொன்னாள். கிடைக்கும் என்று ஸ்மைலினும் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

சிதறாலில் சமணர் குகை இருக்கும் மலைக்குக் கீழே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது நேசபாயின் வீடு. பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராக இருந்தவர். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முற்றத்தில் கொடியில் ரப்பர் ஷீட்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஆய்விதழ் விஷயமாக வந்திருக்கிறோம் என்றதும் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனவர், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரித் தட்டோடுதான் திரும்பி வந்தார். ஒரு வாய் தின்னாமல் பேசவிட மாட்டேன் என்றார்.

ஐந்தாவது வீட்டில் உண்மையைப் பிடுங்குவதற்கு ஸ்மைலினிடம் ஒரு வழி உண்டு. சம்பந்தமில்லாத கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போய், வேண்டியதை இடையில் சொருகுவாள். சாரின் மாணவர்களெல்லாம் இப்போதும் வருவார்களா என்று ஆரம்பித்தாள். ஷைஜு கிறிஸ்துமசுக்குக் கேக் கொண்டுவருவான் என்றார் நேசபாய். வேறு எதற்கும் வரமாட்டானா என்று கேட்டாள். வேலை தேடி அலைகிற பிள்ளை, அவனுக்கு எங்கே நேரம் என்றார். வெளிநாட்டிலிருந்து யாராவது சாரைக் கேட்டு எழுதினார்களா என்று அப்புறம்தான் கேட்டாள்.

நேசபாயின் முகம் மலர்ந்தது. ஆமாம், கொரோனா சமயத்தில் ஒரு வெள்ளைக்காரர் எழுதினாரே என்றார். உங்கள் கணவர் இந்த ஆய்விதழின் குழுவில் இருக்கிறாரா, அவர் சம்மதித்துத்தான் பெயர் போட்டிருக்கிறார்களா என்று கேட்டிருந்தாராம். சபீர் பழம்பொரியைக் கடிப்பதை நிறுத்தினான்.

"அதுக்குப் பதில் எழுதச் சொல்லி யாராவது வந்தாங்களா டீச்சர்?" என்றாள் ஸ்மைலின்.

"யாரு வரணும்? இங்கிலீஷ் டீச்சருக்கு இங்கிலீஷ் எழுத ஆளு வேணுமா?" நேசபாய் சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "நானேதான் எழுதினேன். எனக்க வீட்டுக்காரரு கர்த்தருக்க கிட்ட போயாச்சு. ஆனாலும் ஞானதாசன் சார் அவருக்க பேர எடுக்கல்ல. புஸ்தகம் வந்தா முதல்ல அந்தப் பேரத்தான் பாப்பேன். நான்தான் எடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் எடுக்கச் சொல்லீராதீங்கன்னு எழுதினேன்."

சபீர் கடித்த பாதியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"அவரு உடனே நன்றின்னு பதில் போட்டாரு மக்கா. இது எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்னு. எவ்வளவு மரியாதையான மனுசன். உதவியா இருந்துதா? உங்களுக்குத் தெரியுமா?"

குற்றவாளியைக் கண்டுபிடித்தாயிற்று. மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் எழுதிய முதல் வரியை எடுத்துக்கொண்டு மீதியை அந்த மனிதர் விட்டுவிட்டார். அவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான கள்ள இதழ்களைத் துரத்துகிறவர், ஒரு விதவையின் மெயிலில் தனக்கு வேண்டிய வரியைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்.

"இருந்துது டீச்சர்" என்றாள் ஹஸீபா.

சாரைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்புப் போடப்போகிறோம், அதற்குத்தான் கேட்க வந்தோம் என்று ஸ்மைலின் பொய் சொன்னாள். விசாரணைக்குப் போகிற வீடுகளில் தினமும் பொய் சொல்கிறவள்தான். இந்தப் பொய்யைச் சொல்லும்போது மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேசபாய் அலமாரியிலிருந்து ஒரு போட்டோவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு ஸ்மைலின் ரப்பர் ஷீட் காயும் முற்றத்துக்கு வந்து சத்தியராஜுக்குப் போன் போட்டாள்.

நடந்ததை முழுவதும் சொன்னாள். அழைப்பிதழ் வழக்கத்தையும், இணையத்தில் விழாமல் போன சிலுவையையும், டீச்சரின் பதிலையும் சொன்னாள். சத்தியராஜ் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

"நீங்க சொல்லுகது எனக்கு வெளங்குது மேடம். எனக்க மகனுக்க கல்யாணக் கார்டுலயும் எங்கப்பாவுக்க பேருதான் முதல்ல. ஆனா நீங்க கண்டுபிடிச்சத வச்சுப் பாத்தா, லிஸ்ட்ல உள்ளது உண்மைன்னுல்லா ஆவுது? செத்த ஆளு பேரு இருக்கு. வீட்டுக்காரங்க சொல்லியிருக்காங்க."

அந்த வாக்கியத்தில் ஓட்டை எங்கே என்று ஸ்மைலின் தேடினாள். ஓட்டை இருந்தது, விரலை வைத்துக் காட்டத்தான் முடியவில்லை. காலையிலிருந்து அவள் ஓடி ஓடித் திரட்டிய ஒவ்வொரு துப்பும் எதிர்க்கட்சிச் சாட்சியாகப் போய் நின்றது. அந்த இதழின் கட்டுரையை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள் சார் என்றாள். நான் வணிகவியல் படித்தவன், சிப்பியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றார் அவர். தணிக்கைக்கு வருகிறவர்கள் கட்டுரையை வாசிப்பதில்லை, பட்டியலைப் பார்த்தாயா என்றுதான் கேட்பார்கள் என்றும் சொன்னார். பட்டியலிலிருந்து பெயரை எடுத்து வாருங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அப்போதுதான் சபீர் போனை நீட்டிக்கொண்டு வந்தான். காலையில் பட்டியல்காரருக்குப் போட்ட மெயிலுக்கு அப்போதே பதில் வந்து, குப்பை மெயில்களுக்குள் கிடந்திருக்கிறது, தானாக வரும் பதில். பட்டியலை உண்டாக்கியவர் விலகிவிட்டார். இது பழைய பட்டியலின் நகல். பெயர் சேர்க்கவோ நீக்கவோ கோரிக்கைகள் ஏற்கப்படமாட்டா. இதை நம்பி எடுக்கும் முடிவுகளுக்கு யாரும் பொறுப்பல்ல. கீழே கையெழுத்துக்கூட இல்லை.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றான் சபீர். "அங்கயும் ஆளு இல்ல அக்கா. வயல்ல வச்ச பொம்மை மாதிரி சட்டையும் தொப்பியும் மட்டும் நிக்குது."

ஸ்மைலின் அதைச் சத்தியராஜுக்கு அப்படியே வாசித்துக் காட்டினாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, உதவி செய்கிற குரலில், வேறு ஒரு வழி இருக்கிறது என்றார். பட்டியலில் இல்லாத இதழ் எதிலாவது கட்டுரை ஏற்கப்பட்டிருந்தால் போதும், அந்தக் கடிதத்தை ஆபீஸ் பூட்டுவதற்குள் கொண்டுவந்தால் கணக்குச் சரியாகிவிடும். உண்மையான இதழில் ஒரு கட்டுரை ஏற்கப்பட எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர் என்ன செய்திருப்பார்?

காரில் ஹஸீபா பின் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். இனி வீட்டுக்குப் போய்விடலாம், மார்த்தாண்டத்தில் பஸ் ஏற்றிவிடுகிறோம் என்று ஸ்மைலின் சொன்னாள். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் போனை எடுத்துப் பழைய மெயில்களைத் தோண்டினாள். வாரத்துக்கு ஒன்று வீதம் வந்து விழும் அழைப்பு ஒன்று அதில் இருந்தது. மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, உங்கள் புகழ்பெற்ற ஆராய்ச்சியை எங்கள் இதழ் ஆவலோடு எதிர்பார்க்கிறது.

சபீர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த இதழின் பெயரைப் பட்டியலில் தேடினான். இல்லை. எப்படி இருக்கும்? போன மாதம் பிறந்த இதழ் அது. பட்டியல் செத்து வருடக்கணக்காகிறது. இதழின் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், எந்தக் கறுப்புப் பட்டியலிலும் இடம்பெறாதது என்று.

"இது கள்ளத்தனம் மக்கா" என்றாள் ஸ்மைலின்.

"எனக்குத் தெரியாதா அக்கா?"

வேறு வழி ஒன்றைச் சொல்ல முடிந்திருந்தால் ஸ்மைலின் அவளைத் தடுத்திருப்பாள். ஒன்றும் தோன்றவில்லை. இந்த வேலையை விட்டுவிடு, நேர்மையாக வீட்டில் இரு என்று சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தலையைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டாள். ஹஸீபா தன் ஆய்வின் இன்னொரு பகுதியை அனுப்பினாள். தன் ஊரில் துறைமுகம் வந்த பிறகு சிப்பிகள் எந்தப் பாறைகளைக் கைவிட்டன என்பதைப் பற்றியது. ஞானதாசனுக்கு அனுப்பத்தான் அதைத் திருத்தித் திருத்தி எழுதி வைத்திருந்தாளாம்.

தக்கலை நெரிசலில் கார் நின்றபோதே பதில் வந்துவிட்டது. மூன்று அறிஞர்கள் மிகக் கடுமையாகப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டார்களாம். ஒரு கேள்வியும் கிடையாது. கட்டணத்தைப் பிறகு கட்டினால் போதுமாம். சபீர் ஏதாவது சொல்வான் என்று ஸ்மைலின் காத்திருந்தாள். அவன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான்.

ஆரல்வாய்மொழி போய்ச் சேர்ந்தபோது ஆபீஸில் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சத்தியராஜ் காத்திருந்தார். போனில் இருந்த கடிதத்தை வாங்கி, இதழின் பெயரைத் தன் கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். இல்லை என்றதும் அவருக்கே பெரிய நிம்மதி. மனதாரச் சந்தோஷப்பட்டார். ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டு, ஹஸீபாவுக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார்.

"திங்கக்கிழமை வந்து சேந்திருங்க டீச்சர். உங்களுக்கு இன்னொரு பொறுப்பும் போட்டிருக்கேன். ரிசர்ச் பண்ணுக பிள்ளைகள் போலி ஜர்னல்ல மாட்டாம பாத்துக்கிட ஒரு ஆளு வேணும். பட்டு அனுபவிச்சவங்க நீங்கதான. முதல் வேலையா அந்த லிஸ்ட பிரிண்ட் எடுத்து போர்டுல ஒட்டிருங்க. நம்ம ஜில்லாவுல உள்ளத மட்டும் செவப்பு மையால கோடு போட்டு விட்டிருங்க, பிள்ளைகளுக்கு டக்குனு தெரியும்."

ஜில்லாவில் உள்ளது அதில் ஒன்றே ஒன்றுதான்.

"செரி சார்" என்றாள் ஹஸீபா.

வெளியே வந்தார்கள். காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆர்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள், சாக்லேட்டையும் வைத்தாள். வாப்பாவுக்குப் போன் பண்ணவில்லையா என்று சபீர் கேட்டான். பண்ண வேண்டும் என்றாள். பண்ணவில்லை. காரில் ஏறக் கதவைத் திறந்தவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஞானதாசன் சார் இந்தக் காலேஜுக்கு வரமாட்டாருல்லா அக்கா?"

ஸ்மைலினுக்கு அது தெரியாது. வரமாட்டார் மக்கா, நீ ஏறு என்றாள்.